"நேசிக்கிறவனைத்தான் கர்த்தர் சிட்சிப்பார்" – வலியில் இருக்கிற அம்மாவிடம் இதைச் சொல்லலாமா?

வாய்க்கால்மேடு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். கோபிப் பக்கம் எங்களுக்கு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வேதம் தெரிந்தவர்களும் சரி, அந்தப் பக்கமே போகாதவர்களும் சரி, யார் வேண்டுமானாலும் பதில் சொல்லட்டும் என்றுதான் பொதுவில் கேட்கிறேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். வயசானால் வருகிற மூட்டுத் தேய்மானம் இல்லைங்க, உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குகிற வகை. விரலெல்லாம் கோணிவிட்டது. காலையில் எழுந்தால் கை மடங்குவதற்கே பொழுது நெற்றிக்கு வந்துவிடும். மருந்து நடக்கிறது, டாக்டரும் நல்ல டாக்டர்தான். அப்பா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவோடவே இருக்கிறார். அதனால் என் கேள்வி வைத்தியத்தைப் பற்றி இல்லை.

பார்க்க வருகிறவர்கள் சொல்வதைப் பற்றித்தான். ஜெபக்குழுவில் இருந்து வந்த அக்கா ஒருத்தர், எபிரெயர் 12:6 எடுத்து வாசித்து, "கர்த்தர் யாரை நேசிக்கிறாரோ அவங்களைத்தான் சிட்சிப்பார், உங்க மேல அவருக்கு அத்தனை அன்பு" என்றார். சிட்சிப்பது என்றால் தண்டித்துத் திருத்துவது. அம்மா சிரித்துக்கொண்டே "அந்தப் பிரியத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லு கண்ணு, என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கருமத்தம்பட்டியில் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டுப் போன சித்தி வந்தால், "வலியை இயேசுவோட பாடுகளோட சேர்த்து ஒப்புக்கொடுத்துடு அக்கா" என்பார். வாட்ஸ்அப்பில் ஒரு ஊழியக்காரர், மறைந்திருக்கிற பாவத்தை அறிக்கையிட்டால் சுகம் வரும் என்று குரல் செய்தியாகவே அனுப்புகிறார். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா போன ஜென்மத்துக் கணக்கு என்கிறார், ஆனால் அவர்தான் தினமும் மோரும் கீரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்பும் பாடும், அதாவது துன்பமும், நம் விசுவாசத்தில் உண்மையிலேயே ஒன்றோடொன்று கட்டுண்டவையா, இல்லை, வேறு சமாதானம் கிடைக்காமல் நாமே இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டோமா? அன்பு இருக்கிற இடத்தில் வலி வரும் என்பது எனக்கும் புரிகிறது. வலி வந்தால் அதுவே அன்புக்கு அடையாளம் என்று திருப்பிச் சொல்லும்போதுதான் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. வசனத்தை வரிசையாக அடுக்க வேண்டாமுங்க, எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் வசனக் காலண்டர்தான்.

---

கொல்லிமலைக்காரன்

தங்கச்சி, நான் சேந்தமங்கலத்துக்காரன். வசனத்துக்கு முன்னால் எங்கள் மலையில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டதற்கு அது நேராகவே பதில் சொல்லும் என்று நினைக்கிறேன்.

ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்று ஒரு இங்கிலாந்துத் தம்பதி கொல்லிமலையில் வந்து குடியிருந்தார்கள். அந்தக் காலத்துக் கொல்லிமலை இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அருவி பார்த்துவிட்டு இறங்குகிற மலை இல்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் ராத்தங்கவே மாட்டார்கள். அவர்கள் தங்கினார்கள். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், நரம்புச் சிலந்திப் புழுவை உடம்பில் இருந்து கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து எடுத்தார்கள். ஜெசி 1929இல் மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகிற காய்ச்சல் என்பார்களே, அதில் போய்விட்டார். மகன் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். சாவுத் தந்தி போய்ச் சேர்ந்த பிறகும் அப்பா முன்னால் எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்ததாம். எவலின் ஊருக்குப் போய் இருந்துவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்தார். வயசாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபோது, சரி, உங்கள் வேலையில் இருந்து ஓய்வு என்று மலைக்கே போய்விட்டார். மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போவாராம். 1974இல் இறந்தபோது வயசு 95. வாழவந்தியில் புருஷன் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

1914இல் பிறந்து, சின்ன வயசில் மலையிலேயே வளர்ந்த அந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரலைத் தசைநாண் மாற்றிவைத்து நிமிர்த்தினவர். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் தானாக உதிரும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தார்கள். இவர் கூடவே இருந்து பார்த்தார். நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி நரம்பைக் கொல்கிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் விட மாட்டான், ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பான், புண் ஆறாமல் சீழ் வைத்து எலும்பு கரைந்து விரல் குட்டையாகும். ராத்திரி தூக்கத்தில் எலி வந்து கடித்தால்கூடத் தெரியாமல் போனதால் பூனை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வலி என்பது கடவுள் கொடுத்த கொடை என்று அவர் கடைசி வரைக்கும் சொன்னது இதைப் பார்த்துத்தான்.

ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதை நான் இவரை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். எந்த உறுப்பின் வலி எனக்குத் தெரியவில்லையோ அது என் உடம்பாகவே இல்லாமல் போகிறது. மலைக்காரன் காய்ச்சல் ஜெசிக்கும் வந்தது, ஏனென்றால் அவர் அவர்களில் ஒருவராகிவிட்டார். அன்பும் பாடும் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்றால் அங்கேதான்.

---

தறிச்சத்தம்

கொல்லிமலை அண்ணன் சொன்ன கதையில் முதல் பாதிக்கு ஆமென். இரண்டாம் பாதியோடு எனக்குச் சண்டை இருக்கிறது. சோமனூர்க்காரன், தறி ஓடுகிற சத்தத்தில் தட்டச்சு செய்கிறேன், குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

வலி கொடை என்பது சூட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தும். முடக்குவாதத்துக்கு எப்படிப் பொருந்தும்? அந்த அம்மாவுக்கு எந்த ஆபத்தைச் சொல்ல இந்த வலி வருகிறது? தீயே இல்லாத வீட்டில் தீ மணி ராப்பகலாக அடித்துக்கொண்டே இருந்தால் அதைக் கொடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கழற்றி எறியத்தான் ஆள் கூப்பிடுவார்கள். பால் பிராண்ட் பெரிய மனிதர், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உணர்ச்சி செத்தவனைப் பார்த்து அவர் கண்டுபிடித்ததை, உணர்ச்சி பொங்கி வழிகிறவள் படுக்கைக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லக்கூடாது.

அடுத்தது அந்த எபிரெயர் வசனம். 12ஆம் அதிகாரம் ஆறாம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் நோயாளிக்குச் சொன்ன மாதிரி இருக்கும். 10ஆம் அதிகாரத்தில் இருந்து வாசித்துக்கொண்டு வாங்க. யாருக்கு எழுதின கடிதம் அது? விசுவாசத்துக்காக ஊரார் முன்னால் அவமானப்பட்டவர்கள், சொத்தைக் கொள்ளைகொடுத்தவர்கள், கட்டுண்டவர்களோடு சேர்ந்து நின்றவர்கள். அவர்கள் களைத்துப்போய், விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று தள்ளாடுகிற நேரத்தில், பிள்ளைகளாக நினைத்துத்தான் உங்களைப் பழக்குகிறார், நில்லுங்கள் என்கிறார் எழுதினவர். முடக்குவாதத்துக்குக் காரணம் சொல்ல அவர் உட்காரவே இல்லை.

சுவிசேஷத்தில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நோயோடு வந்தவர்கள் எத்தனை பேர், ஒருத்தரைப் பார்த்தாவது "இது என் பிதா அன்பாகக் கொடுத்தது, வைத்துக்கொள்" என்று இயேசு திருப்பி அனுப்பியது உண்டா? தொட்டார், சுகமாக்கினார், ஓய்வுநாள் என்றுகூடப் பார்க்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டதற்கு இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் ஊழியக்காரருக்கு யோவான் 9ஐ யாராவது அனுப்பிவிடுங்க, குரல் செய்தியாகவே அனுப்பலாம்.

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் போய் நிற்கிற இடம் இயேசுவின் சிநேகிதன் லாசருவின் வீடு. அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஆள் அனுப்பிச் சொன்னது என்ன? "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்." சிநேகமும் வியாதியும் ஒரே வரியில் நிற்கிறது. நேசிப்பதால் வியாதி வந்தது என்று அதில் இல்லை, வியாதி வந்ததால் நேசம் இல்லை என்றும் இல்லை. அப்புறமும் அவர் உடனே கிளம்பவில்லை, இரண்டு நாள் அங்கேயே தங்கினார் என்று எழுதியிருக்கிறது. அது இன்னமும் எனக்கு உறுத்துகிறது, மார்த்தாளுக்கும் உறுத்தியிருக்கிறது, வந்தவுடனே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று. அவர் அவளை அதட்டவில்லை. மரியாள் அழுதாள், கூட வந்தவர்கள் அழுதார்கள், அவரும் அழுதார். இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்தவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர் எதற்கு அழ வேண்டும்?

அம்மா பிரியத்தைக் குறைச்சுக்கச் சொன்னது தப்பே இல்லைங்க. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபு அதைவிட நூறு மடங்கு பேசினான். அவனுடைய சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தார்கள், அதுவரைக்கும் நல்லவர்கள்தான். காரணம் சொல்லத் தொடங்கினார்கள், கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள் மேல்தான்.

---

கொல்லிமலைக்காரன்

தறிச்சத்தம் தம்பி, நியாயம். படுக்கைக்குப் பக்கத்தில் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், பால் பிராண்ட் வலி கொடை என்று பிரசங்கம் செய்துவிட்டு வீட்டுக்குப் போன ஆள் இல்லை. அந்தக் காலத்தில் யாரும் தொடாத கையைத் தொட்டுப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நிமிர்த்திக் கொடுத்தவர். தொடாமல் சொல்கிறவர்களுக்குத்தான் உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டும்.

---

நொய்யல்கரை

நான் கிறிஸ்தவன் இல்லைங்க, திருப்பூர். பனியன் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர் இந்தத் திரியைக் காட்டினார், வெளியில் நின்று பார்க்கிறவனுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

"சாமிக்கு உன்மேல பிரியம், அதனாலதான் இந்தச் சீக்கு" என்கிற பேச்சு பைபிளில் எவ்வளவு இருக்கிறதோ தெரியாது, நம்ம மண்ணில் ஏகப்பட்டது இருக்கிறது. அம்மை போட்டால் எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? நோய் என்றே சொல்ல மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி, வீடு மெழுகி, தாளிக்காமல், யாரையும் கடிந்து பேசாமல், இளநீரும் கூழும் வைத்து, வந்தவள் மனம் குளிர்ந்து போகட்டும் என்று காத்திருப்போம். கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோவில் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு முன்னால் ஊரையே காலிசெய்ய வைத்த பிளேக்கின் போது வந்த வழிபாடு. சாமியும் நோயும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் பயம் கொஞ்சம் தணியும், எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், அதை வைத்துத்தான் எத்தனையோ சாவைக் கடந்தார். நான் அதைக் கேலி செய்யவில்லை.

ஆனால் உங்கள் சிலுவையைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அங்கே சாமி நோயாக வரவில்லை, நோயாளிப் பக்கம் வந்து படுத்துக்கொள்கிறார். அடிக்கிற கையாக இல்லை, அடிபடுகிற முதுகாக இருக்கிறார். அந்த ஜெபக்குழு அக்கா வாயில் வசனம் இருந்தாலும் மனசில் எங்கள் அமுச்சிதான் பேசியிருக்கிறார் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திருத்துங்க.

---

தறிச்சத்தம்

நொய்யல்கரை நண்பரே, எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறீர்களா? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடிபடுகிற முதுகு என்றீர்களே, ஏசாயா 53 முழுவதும் அதுதான். நம்முடைய பாடுகளை அவர் ஏற்றுக்கொண்டு, நம்முடைய துக்கங்களைச் சுமந்தார் என்று அதில் வரும்.

---

ஜெபமாலைத்தெரு

சித்தி எங்கள் ஊர் என்பதால் அவருக்காக நான் பேச வேண்டியிருக்கிறது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோவில் பக்கம் வீடு.

ஒப்புக்கொடுப்பது என்பதை வெளியில் இருந்து கேட்டால், ஏதோ கடவுளுக்கு வலி வேண்டியிருக்கிற மாதிரியும் நாம் கொடுத்து அவரைத் திருப்திப்படுத்துகிற மாதிரியும் இருக்கும். அப்படிச் சொல்லித் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள், மறைக்க என்ன இருக்கிறது. திருச்சபை போதனை அது இல்லை. கொலோசையருக்கு எழுதின திருமுகத்தில், கிறிஸ்துவின் வேதனையில் குறைவாக இருப்பதை என் உடலில் நிறைவு செய்கிறேன் என்று பவுல் எழுதுகிறார். மீட்புக்கு அவர் பட்டது பத்தவில்லை என்று யாரும் இதற்கு அர்த்தம் சொன்னதில்லை. அவர் பாடுகளில் நமக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார், நாம் தனியாகப் பட வேண்டியதில்லை என்பதுதான்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11ஆம் தேதி துன்பத்தைப் பற்றி ஒரு தனித் திருமடலே எழுதினார். லூர்து மாதா திருநாள் அன்று. அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் ரோமில் ஆலய வளாகத்திலேயே துப்பாக்கிக் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர், ஏட்டுச் சுரைக்காய் எழுதவில்லை. துன்பம் எதற்கு என்கிற கேள்விக்கு அதில் சூத்திரம் மாதிரி விடை கிடையாது. கிறிஸ்து அந்தக் கேள்விக்கு மேலே நின்றுகொண்டு விளக்கம் சொல்வதில்லை, என் பின்னே வா என்று கூப்பிடுகிறார் என்கிற தொனியில்தான் போகும். எனக்குப் பிடித்தது அதன் கடைசிப் பகுதி. நல்ல சமாரியன் உவமையைக் கொண்டுவந்து வைக்கிறார். துன்பத்தைத் தாங்கச் சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே வந்ததும் அடுத்தவன் துன்பத்தைத் துடைக்கச் சொல்லி முடிக்கிறார். என் வலியை நான் ஒப்புக்கொடுக்கலாம். அடுத்தவன் வலியை அவனுக்காக நான் ஒப்புக்கொடுக்க முடியாது, அதற்கு நான் எண்ணெயும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். சித்தி சொல்வதில் எனக்கு ஒரே குறை அதுதான். தன் வலிக்கு அவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் அது ஜெபம். அக்கா வலிக்கு அவர் சொன்னால் உத்தரவு ஆகிவிடுகிறது.

இன்னொன்று, உங்கள் அப்பாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. சிலுவைப்பாதையில் ஐந்தாம் தலத்தில் சிரேனே ஊர் சீமோன் வருவான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் அவன் முன்னால் முழங்காலிடுகிறோம். அவன் அன்பால் வந்தவன் இல்லை, தோட்டத்தில் இருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து இழுத்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். உங்கள் அப்பாவும் இதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு அலுப்பு வரும், எரிச்சல் வரும், அம்மா மேலேயே கோபம் வரும். அன்பு இல்லாமல் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடாது. அவரை யாராவது அரை நாள் மாற்றிவிடுகிறீர்களா?

---

ஒரு வாசகி

இவ்வளவு நேரம் எல்லாம் நல்லாத்தான் பேசுகிறீர்கள், ஆனால் நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன இன்னொரு இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தத் திரி முடியக்கூடாது.

எங்கள் உறவில் ஒரு பெண். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அவள் போய்ச் சபைப் பெரியவர்களிடம் சொன்னபோது கிடைத்த பதில், "உன் சிலுவையை நீதாம்மா சுமக்கணும், உன் பொறுமையைப் பார்த்து அவன் மனந்திரும்புவான்." அன்பு சகலத்தையும் தாங்கும் என்ற வசனத்தை வேறு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவள் தாங்கினாள். அவன் திரும்பவில்லை. முன்பல் போன பிறகுதான் அவள் அம்மா வீட்டுக்கு வந்தாள், அப்போதும் சில பேர் "பொறுமை பத்தலை" என்றார்கள்.

நான் கேட்கிறேன், இயேசு அடிக்கிறவன் கைக்கெல்லாம் நின்றுகொண்டா இருந்தார்? நாசரேத்தில் மலை விளிம்பில் இருந்து தள்ளப் பார்த்தபோது அவர்கள் நடுவில் புகுந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லை எடுத்தபோது மறைந்து வெளியேறினார். ஒரு ஊரில் துன்பப்படுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடிப்போங்கள் என்று சீஷர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார். என் உயிரை என்னிடம் இருந்து யாரும் பறிப்பதில்லை, நானாகக் கொடுக்கிறேன் என்றுதான் சிலுவைக்குப் போனார். தானாகக் கொடுத்ததற்குத்தான் அன்பு என்று பேர். பிடுங்கிக்கொண்டதற்கு அந்தப் பேரைச் சூட்டினால் அடிக்கிறவனுக்குத்தான் லாபம். அந்தப் பெண் சுமந்தது அவன் பாவத்தை, அவள் சிலுவையை இல்லை.

இதைப் படிக்கிற யாராவது அந்த நிலையில் இருந்தால், 181 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். 2005இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம், இருக்கிற வீட்டில் இருந்து துரத்தக்கூடாது என்ற உத்தரவும் கேட்கலாம். அப்புறம் நிதானமாக ஜெபித்துக்கொள்ளலாம்.

---

கொல்லிமலைக்காரன்

வாசகி அம்மிணி சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க ஒன்றுமில்லை. சபைப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் திரும்ப ஒருமுறை படிக்கட்டும்.

---

வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ராத்திரி உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மார்த்தாள் முகத்துக்கு நேராகக் கேட்ட இடத்தில் "அதான் பொம்பள" என்றார். தீ மணி கதைக்குச் சிரித்தார். சித்தியைப் பற்றிச் சொன்னது கொஞ்சம் பிடிக்கவில்லை, "அவ நல்ல எண்ணத்துல சொல்றா, விடு" என்றுவிட்டார். அப்பா பக்கத்திலேதான் இருந்தார், சீமோன் வந்த இடத்தில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறேன் என்று போய்விட்டார். எங்களிடம் இப்போது மாடு கிடையாது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது, தறிச்சத்தம் அண்ணாவைத்தான் கேட்கிறேன். சிலுவையில் பட்டது மனுஷனாக வந்த இயேசு மட்டுமா, இல்லை, பிதாவுக்கும் வலித்ததா? கடவுள் மேலே அசையாமல் உட்கார்ந்துகொண்டு மகனை மட்டும் அனுப்பினார் என்றால் அது எனக்கு நம்ம ஊர் மிட்டாமிராசு மாதிரிதான் தெரிகிறது.

---

தறிச்சத்தம்

இதில் சபைக்குள்ளேயே சண்டை பழசுங்க. மூன்றாம் நூற்றாண்டிலேயே, பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்று சொன்னவர்களைத் தவறான போதனை என்று தள்ளினார்கள். பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்றாகிவிடும் என்பது ஒரு காரணம். நம்மைப் போல கடவுளும் சூழ்நிலைக்கு அடிபட்டுத் தடுமாறுகிறவர் என்றால் அவரை நம்பி எப்படிச் சாய்வது என்பது இன்னொரு காரணம், அது லேசான காரணம் இல்லை. 451இல் சபைத் தலைவர்கள் கூடிய கல்சிதோன் சங்கத்தில், ஒரே கிறிஸ்து, தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் கலக்காமலும் பிரியாமலும் அவருக்குள் இருக்கிறது என்று தீர்மானித்தார்கள். அப்படியென்றால் சிலுவையில் பட்டது ஏதோ ஒரு மனித உடம்பு மட்டும் இல்லை, பட்டவர் தேவகுமாரனே. அந்த அளவுக்குப் பழைய சபைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பிதாவுக்கு வலித்ததா என்றால், இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மானிய இறையியலாளர்கள் சிலர், யூர்கன் மோல்ட்மன் மாதிரி, ஆமாம் என்று சத்தமாகவே சொன்னார்கள். போர்க் கைதியாகக் கிடந்த காலத்தில்தான் அவர் விசுவாசத்துக்கு வந்தார். மகன் சாவைப் படுகிறார், பிதா மகனை இழந்த துக்கத்தைப் படுகிறார் என்பது அவர் வாதம். கத்தோலிக்கரிலும் நம்மிலும் பலர் அதை ஒத்துக்கொள்வதில்லை. கடவுள் மாறாதவர் என்பதை விட்டுவிட முடியாது என்பார்கள். எனக்கு மோல்ட்மன் பக்கம்தான் சாய்வு, ஆனால் மறுபக்கத்துக்காரர்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். மிட்டாமிராசு மட்டும் இல்லை என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று.

---

ஜெபமாலைத்தெரு

மறுபக்கத்துக்காரன் இங்கேதான் இருக்கிறேன், சண்டையைத் தனித் திரியில் வைத்துக்கொள்ளலாம் தறிச்சத்தம். வாய்க்கால்மேடு, அப்பாவுக்கு அரை நாள் ஓய்வு கேட்டேனே, அது என்ன ஆச்சு?

---

வாய்க்கால்மேடு

ஜெபக்குழு அக்காவிடமே கேட்டுவிட்டேனுங்க. அடுத்த தடவை வரும்போது வேதப்புத்தகத்தோடு மத்தியானச் சோறும் எடுத்துக்கொண்டு வாங்க, சாயங்காலம் வரைக்கும் அம்மாவோட இருங்க, அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போய் வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அம்மாவுக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா சாயங்காலத்துக்கு மேல் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். சித்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அவரும் அக்காவும் ஒரே நாளில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்தால் அம்மாவுக்கு மாத்திரை கூடத் தேவைப்படும்.

இன்னொரு உதவி. விரலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கே வருகிற பிசியோதெரபிஸ்ட், கோபி, நம்பியூர், சத்தி இந்தச் சுற்றுக்குள் யாராவது தெரியுமா? பெண்ணாக இருந்தால் அம்மாவுக்குச் சங்கடம் இல்லை.

---

ஒரு வாசகி

நம்பியூரில் ஒருத்தர் இருக்கிறார், என் மாமியாருக்கு வந்தவர்தான், வலிக்கும்படி இழுக்க மாட்டார். விவரம் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் பாருங்க.